சிந்தாமணி இரகுநாதாச்சாரியார்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் திங்களில் தீபத் திருவிழா நடைபெறுகிறது. மாலைப் பொழுதில் 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் பெருந்தீபம் எழும். அடிவாரத்தில் கூடிய மக்கள் கைகூப்பித் தொழுவர். அத்தீபத்துக்குரிய நாளை அறியப் பஞ்சாங்கம் வேண்டும். நாளும் கோளும் பார்த்து விழாக் கொள்ளும் நம் நாட்டில், அதன் கணக்குப் பிழைபடின் விழாவும் நோன்பும் காலம் தவறும். அக்கணக்கை வானத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, கண்ட முடிவைப் பொதுமக்கள் அறியச் செய்த பெரியார் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார்.

இவர் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் தோன்றியவர். சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் அமைத்த வானாய்வுக் கூடத்தில் இளமையிலேயே பணியில் அமர்ந்தார். தம் உழைப்பால் உயர்ந்து, அதன் தலைவராகிய போக்சன் என்பாருக்கு முதல் உதவியாளர் ஆனார்.

அங்கு இவர் ஆற்றிய பணி பெரும்பொறுமையை வேண்டுவது. வடக்குத் தெற்காக வானில் கருதப்படும் உச்சிக்கோட்டை ஒரு விண்மீன் கடக்கும் நொடியைத் தொலைநோக்கியால் கண்டு குறித்தல் வேண்டும். கடிகாரம் முந்தினாலும் பிந்தினாலும் அவ்வேறுபாட்டைக் கணக்கிட்டு நீக்குதல் வேண்டும். ஒருமுறை கண்டதோடு அமையாது, பல இரவுகள் அளந்து ஒப்பிடுதல் வேண்டும். இத்தகைய உழைப்பின் பயனாக, தென்வானில் ஒரு விண்மீனின் ஒளி மாறுவதை 1867-இல் இவர் கண்டறிந்தார். ஏறத்தாழ 9 திங்களுக்கு ஒருமுறை அதன் ஒளி பெருகிக் குறைகிறது. 1868 ஆகஸ்டு 18-இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தி என்னும் ஊரிலிருந்து ஆராய்ந்தார். 1872-இல் இலண்டன் இராயல் வானியல் கழகம் இவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

புகழ் வந்த பின்னும் இவர் உள்ளம் பஞ்சாங்கத்தை மறக்கவில்லை. பழைய வாக்கியக் கணக்கு, அது தோன்றிய காலத்தில் வியக்கத்தக்கதே. ஆயினும், திங்களின் இயக்கத்திலுள்ள சில நுட்பங்கள் அதில் இடம்பெறவில்லை; சிறு பிழைகளும் நூற்றாண்டுகள் செல்லச் செல்லப் பெருகின. நாள்தோறும் ஒரு நொடி பிந்தும் கடிகாரம் 10 ஆண்டுகளில் ஒரு மணி நேரம் பிந்திவிடும் அன்றோ? ஆதலின், வானத்தைக் கண்டு சரிபார்த்த கணக்கைக் கொண்டு இவர் திருக்கணித பஞ்சாங்கம் வெளியிட்டார். மரபு மாறுமோ என அஞ்சிப் பலர் அதனை ஏற்கத் தயங்கினர், இவரோ தளரவில்லை.

1874 டிசம்பர் 9-இல் வெள்ளிக்கோள் சூரியனுக்கு முன்னே கடந்து செல்ல இருந்தது. அந்நிகழ்ச்சியை விளக்கி இவர் ஒரு சிறுநூல் எழுதினார். பழைய முறை பயின்ற பண்டிதரும் புதுமுறை கற்ற வானியலறிஞரும் உரையாடுவதாக அது அமைந்தது. ஆங்கிலத்தில் மட்டுமன்றி இந்நாட்டு மொழிகள் சிலவற்றிலும் அது வெளிவந்தமையால், ஆங்கிலம் அறியாதாரும் படித்துப் பயன்பெற இயன்றது.

1880 பிப்ரவரியில் இரகுநாதாச்சாரியார் மறைந்தார். அவரும் உடன்பணியாற்றியோரும் இரவுதோறும் கண் விழித்து எடுத்த அளவுகள் 1887 முதல் நூல்களாக வெளிவந்தன. இன்று வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் தமிழ்நாட்டில் அருகருகே வழங்குகின்றன. திருக்கணிதம் என்பதற்குக் காட்சியோடு ஒத்த கணக்கு என்பது பொருள். முன்னோர் தந்த கணக்கைப் போற்றி, அதனைச் சோதித்து, சோதனையின் முடிவை மறையாது உலகுக்கு அளித்த இவர் வாழ்வே அச்சொல்லுக்கு நல்ல விளக்கமாகும்.