ஸர் வெம்பாக்கம் பாஷ்யம் ஐயங்கார்

யாக்ஞவல்கிய ஸ்மிருதி ஆசாரம், வியவஹாரம், பிராயச்சித்தம் என்னும் மூன்று பிரிவுகளை உடையது. இவற்றுள் வழக்குகளைத் தீர்க்கும் நெறியை உரைப்பது வியவஹாரப் பகுதியாகும். இந்த ஸ்மிருதிக்கு விஞ்ஞானேச்வரர் இயற்றிய மிதாக்ஷரை என்னும் வியாக்கியானமே, ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாண நீதிமன்றங்களில் ஹிந்துக்களின் குடும்பச் சொத்துரிமைக்கு முதன்மையான ஆதாரமாக விளங்கியது. அந்தச் சட்டத்தில் ஒப்பற்ற தேர்ச்சி பெற்று, வக்கீலாகவும் சட்டசபை அங்கத்தினராகவும் நியாயாதிபதியாகவும் பணிபுரிந்தவர் ஸர் வெம்பாக்கம் பாஷ்யம் ஐயங்கார் ஆவார்.

காஞ்சி மாநகருக்கு அணித்தான வெம்பாக்கம் என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய ஸ்ரீவைஷ்ணவக் குடும்பத்தில், 1844-ம் ஆண்டு ஜனவரி மாதம் அவர் அவதரித்தார். சென்னைச் சட்டசபையில் இடம்பெற்ற முதல் இந்தியரான சடகோபாசார்லு அவர்களும் வெம்பாக்கத்தாரே. பாஷ்யம் ஐயங்கார் சென்னையில் கல்வி பயின்று, பதிவுத்துறையில் சிலகாலம் உத்தியோகம் வகித்தார். பின்னர் 1872-ல் வக்கீல் தொழிலை மேற்கொண்டார். அந்நாளில் பெரும் பதவிகள் சீமையில் பயின்ற பாரிஸ்டர்களுக்கே உரியனவாக எண்ணப்பட்டன. ஆயினும் இந்நாட்டிலேயே பயின்று வக்கீலான அவர், 1897-ம் ஆண்டு முதல் அட்வகேட் ஜெனரலாக அமர்ந்தார். சென்னையில் அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

அவரது வாழ்வில் பெரும் சோதனையாக அமைந்தது கல்வியால் வரும் பொருளைப் பற்றிய விவகாரமாகும். தந்தை வழிச் சொத்துக்குக் குறைவு நேராமல் ஒருவன் தன் வித்தையால் ஈட்டிய பொருளைத் தாயாதிகளுக்குப் பங்கிட வேண்டுவதில்லை என்பது சாஸ்திரம். ஆனால் அவனைப் படிக்க வைத்ததே குடும்பப் பணமாயின், அவன் வாழ்நாள் முழுவதும் ஈட்டுவதெல்லாம் குடும்பத்துக்கே பொதுவாகுமோ? ஆகும் என்ற கருத்தில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் அமைந்தன. 1872-ல் ஒரு வக்கீலின் சம்பாத்தியத்தைக் குறித்த வழக்கிலும் அவ்வாறே முடிவாயிற்று. ஒருவன் இரவு பகலாக உழைத்துச் சேர்த்ததில் அவனுடைய மனைவிக்கும் பெண்மக்களுக்கும் தன் விருப்பப்படி எழுதி வைக்க இயலாத நிலை உண்டாயிற்று. அவன் காலமானபின் தாயாதிகள் வழக்குத் தொடுத்தால், அவனை நம்பியிருந்தவர்களின் கதி என்னாவது?

இந்தக் குறையை நீக்கக் கருதிப் பாஷ்யம் ஐயங்கார் 1891-ல் சென்னைச் சட்டசபையில் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். கல்விக்கான செலவைக் குடும்பம் ஏற்றிருப்பினும், அக்கல்வியால் வந்த பொருள் ஈட்டியவனுக்கே உரியது என்பது அதன் ஸாரம். உடனே எதிர்ப்புக் கிளம்பிற்று. படித்தவன் பொருளைத் தனியே கொண்டு சென்றால், அவனுக்காகத் தம் பங்கைத் தியாகம் செய்த தமையன்மாரும் வயது முதிர்ந்தோரும் என்ன செய்வர், கூட்டுக் குடும்பமே குலைந்துவிடாதோ என்று ஆஸ்திகர் பலர் அஞ்சினர். அவ்வச்சம் பொருளற்றது என்று கூறுவதற்கில்லை. நெடுநாள் விவாதத்துக்குப் பின் சபை மசோதாவை நிறைவேற்றிய போதிலும், கவர்னர் ஸம்மதம் அளிக்க மறுத்தமையால் அது சட்டமாகவில்லை.

1901-ல் அவர் உயர் நீதிமன்ற நியாயாதிபதியானார். சட்டசபையில் தோற்ற கருத்தைத் தீர்ப்பின் மூலம் நிலைநாட்ட அவர் முயன்றிருக்கலாம் என்று சிலர் நினைக்கக்கூடும். அவர் கொண்ட நெறி வேறு. சுதர்சனம் மேஸ்திரி வழக்கில், மிதாக்ஷரையின்படி அமையும் கூட்டுக் குடும்ப உரிமை சட்டத்தால் மட்டுமே உண்டாவது என்றும், ஸ்வீகாரத்தின் வாயிலாக அன்றி மனிதர் தமக்குள் செய்யும் உடன்பாட்டால் அதனைப் படைக்க இயலாது என்றும் விளக்கினார். சட்டத்தை மாற்றுவது சபையின் தர்மம், உள்ள சட்டத்தை உள்ளபடி உரைப்பது நியாயாதிபதியின் தர்மம் என்னும் வேறுபாட்டை அவரது வாழ்க்கை காட்டுகிறது.

அரசாங்கத்தின் முன்னும் அவர் தளரவில்லை. பீரங்கி வண்டி செய்யும் அரசாங்கத் தொழிற்சாலைக்காகச் சென்னைக்குள் கொணர்ந்த மரத்துக்கு நகராட்சி வரி உண்டா என்ற வழக்கு 1902-ல் தீர்ந்தது. சட்டத்தில் விலக்கு இல்லாதபோது குடிமக்களைப் போலவே அரசாங்கமும் வரிக்குக் கட்டுப்பட்டது என்று அவர் நிர்ணயித்தார். மன்னர் பெயரால் ஆட்சி நடந்த காலத்தில் இவ்வாறு உரைக்க நெஞ்சுரம் வேண்டும்.

மடங்களைப் பற்றிய விசாரணையிலும் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. வித்யாபூர்ண தீர்த்தர் வழக்கில் 1904-ல் ஸர் சுப்ரமணிய ஐயருடன் அமர்ந்து, மடாதிபதி வெறும் தர்மகர்த்தர் அல்லர் என்றும், பீடாதிபதிகள் மாறினும் மாறாத அந்த ஸ்தானமே சட்டத்தின் கண்ணில் ஒரு நபருக்கு ஒப்பாகும் என்றும் கருதினார். பிரிவி கவுன்ஸில் 1921-ல் இதனை வேறு விதமாகக் கண்டது. ஆயினும் 1954-ல் உடுப்பி ஷிரூர் மடத்து வழக்கில், மடாதிபத்தியத்தில் பதவியும் சொத்துரிமையும் கலந்தே உள்ளன என்று சுப்ரீம் கோர்ட் தீர்மானித்தது.

1904-ல் நியாயாதிபதி பதவியை விட்டு மீண்டும் வக்கீல் தொழிலுக்கே திரும்பிய அவர், 1908-ம் ஆண்டு நவம்பர் 18-ம் நாள் பரமபதம் எய்தினார். அவருடைய சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. அவரது மாப்பிள்ளை எஸ். ஸ்ரீனிவாஸ ஐயங்கார் 1926-ல் கௌஹாத்திக் காங்கிரஸில் தலைமை வகித்தார்.

அவர் தொடங்கிய காரியமோ முடியாமலே நின்றது. 1921-ல் ஒரு ஐ.ஸி.எஸ். அதிகாரியின் சம்பாத்தியமும் குடும்பச் சொத்தே என்று பிரிவி கவுன்ஸில் கூறியபின் மக்கள் மீண்டும் விழித்தனர். 1930-ல் மத்திய சட்டசபை, கல்வியால் வந்த பொருள் ஈட்டியவனுக்கே உரியது என்று சட்டம் செய்தது. மசோதா பிறந்து 39 ஆண்டுகளும், அதனைக் கொணர்ந்தவர் மறைந்து 22 ஆண்டுகளும் கழிந்திருந்தன.

பிறர்க்குரிய பொருளைத் தானம் செய்வது தானமாகாது. தன் வித்தையால் வந்தது தன்னுடையது என்று சட்டம் உறுதி செய்தமையால், பெற்றோரைப் பேணுவதற்கும் உடன்பிறந்தாரைத் தாங்குவதற்கும் திருக்கோயில் கைங்கர்யத்துக்கும் ஒருவன் தன் ஊதியத்தை மனமுவந்து அளிக்க வழி பிறந்தது. கூட்டுக் குடும்பம் குலையுமே என்று அன்று அஞ்சிய பெரியோர்க்கு நாம் அளிக்கக்கூடிய விடை, அவ்வூதியத்தை நாம் எவ்வாறு செலவிடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.