கில்போர்ட் மோல்ஸ்வர்த்

சர் கில்போர்ட் லிண்ட்சி மோல்ஸ்வர்த் (மே 3, 1828 – ஜனவரி 21, 1925) ஓர் ஆங்கிலேய குடிசார் பொறியாளர் ஆவார். இங்கிலாந்தின் இரயில்வே நிறுவனமொன்றில் பயிலுநராகத் தொழிலைத் தொடங்கிய இவர், இலங்கையின் முதல் இருப்புப்பாதையான கொழும்பு–கண்டி பாதையின் தலைமைப் பொறியாளராகவும், பின்னர் இந்திய அரசின் இரயில்வே ஆலோசனைப் பொறியாளராகவும் பணியாற்றினார். பொறியாளர்கள் பல தலைமுறைகளாகப் பயன்படுத்திய சூத்திரக் கையேடு ஒன்றின் ஆசிரியராகவும் அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

மோல்ஸ்வர்த் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் உள்ள மில்புரூக் என்னும் ஊரில் பிறந்தார். இவரது தந்தை ஜான் எட்வர்ட் நாசோ மோல்ஸ்வர்த் ஒரு கிறித்தவ மதகுரு. கேன்டர்பரியின் கிங்ஸ் பள்ளியில் பயின்ற பின், இலண்டனை அடுத்த பட்னியில் இருந்த குடிசார் பொறியாளர் கல்லூரியில் சேர்ந்தார். அக்காலத்தில் இங்கிலாந்தில் பொறியியலைக் கல்லூரியில் கற்பது புதிய வழக்கமாக இருந்தது. பெரும்பாலோர் மூத்த பொறியாளர் ஒருவருக்குப் பணம் செலுத்தி, அவரிடம் சில ஆண்டுகள் பயிலுநராக இருந்தே தொழிலைக் கற்றனர்.

இரயில்வேயில் பயிற்சி

மோல்ஸ்வர்த் கல்லூரி, பயிலுநர் பணி ஆகிய இரு வழிகளிலும் தேர்ச்சி பெற்றார். கல்லூரிப் படிப்புக்குப் பின் இலண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் இரயில்வேயில் டாக்ரே என்னும் பொறியாளரிடம் பயிலுநராக இருந்தார். அடுத்து, மான்செஸ்டரில் சர் வில்லியம் ஃபேர்பேர்னின் இயந்திரத் தொழிற்சாலையில் பயிற்சி பெற்றார். இதனால் பாதை அமைக்கும் வேலை, இரும்பு வேலை ஆகிய இரண்டும் அவருக்குக் கைவந்தன. பின்னர் இலண்டன், பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் இரயில்வேயில் முதன்மை உதவிப் பொறியாளரானார். கிரிமியப் போர்க் காலத்தில் (1853–1856) அப்பணியை விட்டு விலகி, வுல்விச் படைக்கலச் சாலையின் கட்டடங்களையும் இயந்திரங்களையும் அமைக்கும் பணியில் ஈடுபட்டார்.

இலங்கையில்

இலங்கையின் மலைநாட்டில் விளைந்த காப்பி, மாட்டு வண்டிகளில் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டு வந்தது. இதற்கு மாற்றாக இருப்புப்பாதை வேண்டுமெனத் தோட்ட உரிமையாளர்கள் கோரினர். 1858 இல் ஆளுநர் சர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டிப் பணியைத் தொடக்கி வைத்தார். ஆனால் மறு ஆய்வில் செலவு மதிப்பீடு தொடக்க மதிப்பீட்டைப் போல் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்ததால், தனியார் நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிவுக்கு வந்து, திட்டம் அரசின் கைக்கு மாறியது. இந்நிலையில் 1862 இல் மோல்ஸ்வர்த் அரசு இரயில்வேயின் தலைமைப் பொறியாளரானார். கட்டுமான ஒப்பந்தம் ஃபாவியல் என்பவருக்கு வழங்கப்பட்டது.

கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரையிலான பகுதி 1865 இலும், கண்டி வரையிலான முழுப் பாதையும் 1867 இலும் திறக்கப்பட்டன. றம்புக்கணைக்கும் கடுகண்ணாவைக்கும் இடைப்பட்ட மலையேற்றமே இதன் கடினமான பகுதி. இங்கு ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவுக்குப் பாதை 45 அடிக்கு 1 அடி என்ற சரிவில் பாறைகளைக் குடைந்தும் விளிம்புகளை ஒட்டியும் ஏறுகிறது. வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தில் பற்றி ஏற வேண்டியிருப்பதால், சாலைக்கு எளிதான இச்சரிவு இரயிலுக்கு மிகக் கடுமையானது. ஆகையால் வண்டிகளைத் தள்ளிவிடக் கூடுதல் இயந்திரம் இணைக்கப்பட்டது.

தென்னிந்தியாவிலிருந்து சென்ற தமிழர்கள் உள்ளிட்ட தொழிலாளர்கள் இப்பாதையை அமைத்தனர். காடுகளில் பரவிய காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களுள் பலரைப் பலிகொண்டன. பொறியாளரின் பெயர் நூல்களில் இடம்பெற்றது. அவர்களின் பெயர்கள் இடம்பெறவில்லை. பாதை திறந்த இரண்டே ஆண்டுகளில், 1869 இல், காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் தாக்கியது. காப்பிக்காகப் போடப்பட்ட பாதை பின்னர் தேயிலையைச் சுமந்தது.

மோல்ஸ்வர்த் 1865 இல் இரயில்வேயின் தலைமை இயக்குநராகவும், 1867 இல் பொதுப்பணித் துறை இயக்குநராகவும் உயர்ந்தார்.

இந்தியாவில்

1871 இல் அரசு இரயில்வேக்களுக்கான ஆலோசனைப் பொறியாளராக இந்திய அரசு இவரை அமர்த்தியது. அப்பொழுது பாதை அகலச் சிக்கல் பெரிதாக இருந்தது. அதுவரை இந்தியாவின் முதன்மைப் பாதைகள் 1,676 மில்லிமீட்டர் அகலத்தில் அமைந்திருந்தன. செலவைக் குறைக்கும் பொருட்டு, 1870 இல் வைசிராய் மேயோ பிரபுவின் அரசு புதிய பாதைகளுக்கு மீட்டர் அகலத்தைத் தேர்ந்தது. குறுகிய பாதைக்குச் செலவு குறைவு. ஆனால் இரு அகலங்கள் சந்திக்கும் நிலையங்களில் சரக்கு முழுவதையும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இம்முடிவின் விளைவு நீடித்தது. 1870களில் சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே போடப்பட்ட தென்னிந்திய இரயில்வே பாதை மீட்டர் அகலத்தில் அமைந்தது. செஞ்சிக்கோட்டையின் கிழக்கே செல்லும் அப்பாதையும், நாட்டின் பிற மீட்டர் பாதைகள் பலவும், ஒரே அகலத் திட்டம் 1992 இல் தொடங்கிய பின்னரே அகலப் பாதைகளாக மாற்றப்பட்டன.

மோல்ஸ்வர்த் 1889 வரை இப்பதவியில் இருந்தார். 1888 இல் இவருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது.

பிற்காலம்

1892 இல் பிரசெல்சில் நடைபெற்ற பன்னாட்டு நாணய மாநாட்டில் இந்தியாவின் சார்பாளர்களுள் ஒருவராகக் கலந்துகொண்டார். தங்கம், வெள்ளி ஆகிய இரண்டையும் நாணய அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்பது இவரது நிலைப்பாடு. 1899 இல், இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டு கிழக்கு ஆப்பிரிக்காவில் அமைக்கப்பட்டு வந்த உகாண்டா இரயில்வேயைப் பார்வையிட்டு அறிக்கை அளித்தார். 1904 இல் இலண்டன் குடிசார் பொறியாளர் கழகத்தின் தலைவரானார். 1925 இல் கென்ட் பகுதியின் பெக்ஸ்லியில், 96 ஆம் வயதில் காலமானார்.

கையேடு

இவரது சூத்திரக் கையேடு 1860களில் முதலில் வெளியானது. உத்திரங்களின் வலிமை, நீரோட்டம், மண்வேலை, நீராவி இயந்திரம் முதலியவற்றுக்கான சூத்திரங்களும் அட்டவணைகளும் சட்டைப் பைக்குள் அடங்கும் அளவில் அதில் தொகுக்கப்பட்டிருந்தன. பிற்காலப் பதிப்புகளில் இவருடைய மகன் ஹென்றியும் பங்களித்தார். நூலகமோ மூத்த பொறியாளரோ அருகில் இல்லாத காட்டு முகாம்களில் பணிபுரிந்த இளம் பொறியாளர்களுக்கு இக்கையேடு பெரிதும் பயன்பட்டது.