காது கேட்காது, விரலாலேயே இதயத்துடிப்பைப் படித்த டாக்டர்! யார் இந்த ஹெலன் டௌசிக்?

உதடு, நகமெல்லாம் நீலம். நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும். இப்படிப் பிறந்த குழந்தைகளுக்கு 1940-களின் தொடக்கம் வரை சிகிச்சையே கிடையாது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், 1930-லிருந்து குழந்தைகள் இதயநோய் கிளினிக்கை நடத்தியவர் ஹெலன் டௌசிக் (1898-1986). காது கேட்பது குறைந்துபோனதால், மார்பில் விரல் வைத்தே துடிப்பை உணரப் பழகினார்.

நுரையீரலுக்குப் போதிய ரத்தம் போகாததுதான் பிரச்னை என்று புரிந்தது. அப்படின்னா, கைக்குப் போகும் ரத்தக்குழாயை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால்?

இந்த யோசனையை சர்ஜன் ஆல்ஃபிரட் பிளாலாக்கிடம் சொன்னார். நாய்களுக்குச் செய்து பார்த்து வழிமுறையை உருவாக்கியவர், ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ்.

1944 நவம்பர் 29. ஒன்றரை வயதுகூட ஆகாத பெண் குழந்தைக்கு முதல் ஆபரேஷன். அவள் அதன்பிறகு சில மாதங்கள்தான் வாழ்ந்தாள். ஆனால், அவள் திறந்த வழியில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்தார்கள்.