சீமாட்டி மேரி மாண்டேகு

ஆரப்பாளையத்து முதியோர் பலரின் மேற்கையில் அம்மை குத்திய தழும்பை இன்றும் காணலாம். அத்தழும்பின் வரலாற்றைத் தேடிச் செல்வோமாயின், துருக்கி நாட்டு மூதாட்டியரின் ஊசியையும், அக்கலையைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்ற ஓர் ஆங்கிலச் சீமாட்டியையும் சந்திக்கிறோம். அவரே மேரி வோர்ட்லி மாண்டேகு.

1689ஆம் ஆண்டு பிரபுக் குடும்பத்தில் பிறந்த அவர், தந்தையின் நூலகத்தில் தாமாகவே இலத்தீன் பயின்றார். 1713இல் அவருடைய தம்பியைப் பெரியம்மை கொண்டுபோயிற்று. 1715இல் அவரையும் அது பற்றியது. உயிர் பிழைத்தாரெனினும் முகத்தில் வடுக்கள் நிலைத்தன, இமைமயிர்கள் உதிர்ந்தன.

உதுமானியப் பேரரசுக்குத் தூதராகச் சென்ற கணவருடன் 1717இல் துருக்கி அடைந்தார். அங்கே மூதாட்டியர், நோயின் கடுமை குறைந்தோரிடமிருந்து எடுத்த அம்மைச் சீழைக் கொட்டை ஓட்டில் கொண்டுவருவர். ஊசிமுனையில் ஒட்டும் அளவே எடுத்துத் தோலைக் கீறிச் சேர்ப்பர். சில நாள் காய்ச்சல் வரும். அதன்பின் பெரியம்மை அணுகாது. 1718இல் மேரி தம் மகனுக்கு இவ்வாறு செய்வித்தார். கிரேக்க மூதாட்டி ஒருவரின் துருவேறிய ஊசி சிறுவனை மிக வருத்தவே, மருத்துவர் மெயிட்லண்ட் தம் கருவியால் மறு கையில் குத்தினார்.

1721இல் இலண்டனில் அம்மை பரவியபோது, மருத்துவர்கள் காணத் தம் சிறுமகளுக்கும் குத்துவித்தார். சமயவாணரும் மருத்துவரும் எதிர்த்தனர். ஏற்றுக்கொண்ட மருத்துவரோ ஆழக் கீறினர்; பேதிக்குக் கொடுத்தனர்; குருதி வடித்தனர். சிறு கீறலே போதுமென்பதை நேரிற் கண்டிருந்த மேரி, 1722இல் பெயர் மறைத்துச் செய்தித்தாளில் எழுதி அவர்களைக் கண்டித்தார். 1762இல் அவர் மறைந்தார். அக்காலத்தை ஒட்டியே சட்டன் குடும்பத்து மருத்துவர்கள் மெல்லிய குத்தலே போதுமெனச் செய்து காட்டினர்.

1796இல் ஜென்னர் பசுவம்மைப் பாலைப் பயன்படுத்தி ஆபத்தைக் குறைத்தார். 1975இல் இந்தியாவில் பெரியம்மை ஓய்ந்தது. 1980இல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

இன்று அறிவியலார் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள நுண்ணூசிகளை ஒட்டுப்பட்டையில் அமைக்கின்றனர். நோவுணரும் நரம்புகளை அவை பெரிதும் தீண்டுவதில்லை. நோயெதிர்ப்பு உயிரணுக்கள் நிறைந்த மேல்தோலிலேயே மருந்து சேர்கிறது. காம்பியா நாட்டுக் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பு மருந்தை இவ்வாறு செலுத்திய ஆய்வு, 2024இல் நல்ல முடிவுகளைத் தந்தது.

ஆழமே பயன் என எண்ணிய கற்றோர் பிழைபட்டனர். எழுத்தறியாக் கிழவியரிடமும் கற்கத் தயங்காத தாய் வென்றார். நம் மாணவர் நெஞ்சிற் கொள்ளத்தக்க பாடம் இதுவேயாம்.