சொற்களின் பிறப்பைத் தேடியவர்: ஜேம்ஸ் மர்ரே

ஆங்கிலம் பயிலும் நம்மைத் தடுமாற வைக்கும் பகுதி ஒன்று உண்டு. கையைக் குறிக்கும் ‘ஹேண்ட்’ என்னும் சொல்லைப் பெயர்ச்சொல் என்று படிக்கிறோம். அடுத்த வரியிலேயே அது ‘எடுத்துக் கொடு’ என்னும் பொருளில் வினைச்சொல்லாக வந்து நிற்கிறது. தமிழிலும் ‘அடி’ என்பது பெயராகவும் வரும், ஏவல் வினையாகவும் வரும். ஆனால் அடித்தான், அடிப்பாள் என்று விகுதி சேர்ந்தவுடன் ஐயம் அகன்றுவிடும். ஆங்கிலத்திலோ பல இடங்களில் சொல்லின் உருவம் மாறுவதே இல்லை. வாக்கியத்தில் அது அமர்ந்திருக்கும் இடமே அதன் இனத்தைச் சொல்கிறது. இத்தகைய சொற்களின் பிறப்பு வளர்ப்பை ஆராய்வதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஜேம்ஸ் மர்ரே.

ஸ்காட்லாந்தில் டென்ஹோம் என்னும் சிற்றூரில் 1837 பிப்ரவரி 7ஆம் நாள் ஒரு தையற்காரரின் மகனாக அவர் பிறந்தார். குடும்ப வறுமையால் பதினான்கு வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றது. கற்கும் ஆர்வம் மட்டும் நிற்கவில்லை. தாமே பல மொழிகளைக் கற்றார். பதினேழு வயதில் ஹாவிக் நகரில் உதவி ஆசிரியரானார். இருபது வயதில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். நோயுற்ற மனைவியின் உடல்நலம் கருதி 1864இல் லண்டன் சென்று வங்கி எழுத்தரானார். மறு ஆண்டே அம்மையார் மறைந்தார். முதற் குழந்தையை அதற்கு முன்பே பறிகொடுத்திருந்தார். அந்தத் துயரத்திலும் மொழியாராய்ச்சியை அவர் கைவிடவில்லை. 1867இல் மறுமணம் செய்துகொண்டார். 1870இல் மில்ஹில் பள்ளியில் ஆசிரியரானார்.

ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றின் வரலாற்றையும் கூறும் பேரகராதி ஒன்று வேண்டும் என்று லண்டன் மொழியியற் கழகத்தார் 1857 முதல் முயன்று வந்தனர். 1879இல் அப்பொறுப்பு மர்ரேயிடம் வந்தது. பத்தே ஆண்டுகளில் நான்கு தொகுதிகளாக முடிப்பது ஒப்பந்தம். பள்ளி வளாகத்தில் இரும்புத் தகடு வேய்ந்த கொட்டகை ஒன்றை எழுப்பி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு அறைகள் கொண்ட பலகை அடுக்குகளை அமைத்தார். நூல்களைப் படித்த தன்னார்வலர்கள் எழுதி அனுப்பிய துண்டுத் தாள்கள் அவற்றில் குவிந்தன. அவருடைய பிள்ளைகளும் கைச்செலவுக் காசுக்காகத் தாள்களை அகர வரிசையில் அடுக்கினர். 1885இல் அவர் ஆக்ஸ்போர்டுக்குக் குடிபெயர்ந்த பின் வீட்டு வாசலிலேயே அஞ்சல் பெட்டி வைக்கும் அளவுக்குக் கடிதங்கள் பெருகின.

ஒரே உருவுடைய பெயரையும் வினையையும் மர்ரே ஒரே பதிவில் அடைத்துவிடவில்லை. இரண்டையும் தனித்தனிச் சொற்களாகக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பிறப்பும் பொருளும் ஆண்டு வாரியான சான்றுகளும் தந்தார். அதனால் உண்மைகள் பல விளங்கின. பழைய ஆங்கிலத்தில் விடை என்னும் பெயர் ‘ஆண்ட்ஸ்வரு’. விடை கூறுதல் என்னும் வினை ‘ஆண்ட்ஸ்வரியன்’. காலப்போக்கில் ஈறுகள் தேய்ந்து உதிர, இரண்டும் ‘ஆன்சர்’ என்ற ஒரே உருவாயின. சம்மட்டியைக் குறிக்கும் ‘ஹாமர்’ முதலில் பெயராக மட்டுமே இருந்து, பின்னரே வினையாயிற்று. ‘ஹிட்’ என்பதோ முதலில் வினை, பிறகே பெயர். எழுத்து ஒன்றாயினும் ஒலிப்பில் வேறுபடும் சொற்களும் உண்டு. ‘ஆப்ஜெக்ட்’ என்பதில் முதல் அசையை அழுத்தினால் பொருள் என்னும் பெயர். இரண்டாம் அசையை அழுத்தினால் மறுத்துரைத்தல் என்னும் வினை.

இப்படிப் பிரித்து ஆராய்ந்தால் வேலை இரட்டிக்காமல் இருக்குமா? ஐந்தாண்டு உழைப்புக்குப் பின் 1884இல் வெளிவந்த முதற்பகுதி, ‘ஏ’ எழுத்தில் எறும்பைக் குறிக்கும் ‘ஆண்ட்’ வரையே சென்றிருந்தது. விரைந்து முடிக்குமாறு வெளியீட்டார் நெருக்கினர். தொடக்கத்தில் உதவியாளர் ஊதியத்தையும் தமக்கு வந்த தொகையிலிருந்தே அவர் கொடுக்க வேண்டியிருந்தது. ஆக்ஸ்போர்டு கொட்டகையில் ஈரமும் குளிரும் வாட்டின. எனினும் சான்றில்லாத சொல்லை எழுத அவர் உடன்படவில்லை. விரைவுக்காகத் தரத்தை விற்க அவர் மனம் ஒப்பவில்லை.

1908இல் அரசு அவருக்கு ‘சர்’ பட்டம் வழங்கியது. எண்பதாவது பிறந்தநாளுக்குள் அகராதியை முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆவல். அது நிறைவேறவில்லை. ‘டி’ எழுத்துச் சொற்களில் ஈடுபட்டிருந்த காலத்தில், 1915 ஜூலை 26ஆம் நாள், தமது 78ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார். உடன் பணியாற்றிய பதிப்பாசிரியர்கள் பணியைத் தொடர்ந்தனர். 1928இல் 4,14,825 சொற்களுடன் அகராதி முற்றுப்பெற்றது. அதில் ஏறத்தாழப் பாதி மர்ரே பதிப்பித்தது.

மாணவ நண்பர்களே! ஒரு சொல் பெயரா வினையா என்று அடுத்த முறை ஐயம் எழுந்தால், ஊகத்தில் விடை எழுதிவிட வேண்டாம். வாக்கியத்தில் அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். பிறகு நம் நூலகத்திற்குச் சென்று அகராதியைப் புரட்டுங்கள். பள்ளிப் படிப்பை முடிக்க இயலாத ஒரு தையற்காரர் மகன், தாம் முடிவைக் காணாத பணிக்கு முப்பத்தாறு ஆண்டுகளைத் தந்தார். நாம் ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடம் தரலாகாதா?