அனுப்பிய மடலும் அனுப்பாத மடலும்

அமெரிக்க ஒன்றியம் சிதையாமல் காக்க உள்நாட்டுப் போரை நடத்தியவர் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் (1809–1865). 1863 ஜூலை 4 அன்று தளபதி கிராண்ட் விக்ஸ்பர்க் நகரைக் கைப்பற்றினார். அவருடைய படைநகர்வைப் பிழையென ஐயுற்றிருந்த லிங்கன், தம் கணிப்பே தவறென ஒப்புக்கொண்டு ஜூலை 13இல் அவருக்கு மடல் விடுத்தார்.

மறுநாள் தளபதி ஜார்ஜ் மீடுக்கும் ஒரு மடல் எழுதினார். கெட்டிஸ்பர்க் போரில் வென்ற மீட், பின்வாங்கிய பகைப்படையைத் தப்பவிட்டிருந்தார். போர் நீளுமே என்ற வேதனை அம்மடலில் கடுமொழியாய் வெளிப்பட்டது. எனினும் லிங்கன் அதில் கையொப்பமிடவில்லை, அனுப்பவுமில்லை. பதவி விலக முன்வந்திருந்த மீட், போர் முடியும்வரை தம் படைக்குத் தலைமை தாங்கினார்.

தம் பிழையை விரைந்து உரைத்து, தம் சினத்தை உறைக்குள் அடக்கிய லிங்கன், நாட்டை ஆள்வோர்க்குத் தன்னையறிதலே முதற்கடமை என்பதை வாழ்ந்து காட்டினார்.