எம். ஆர். ராதா

எம். ஆர். ராதா (1907 - செப்டம்பர் 17, 1979) தமிழ் நாடக, திரைப்பட நடிகர். இயற்பெயர் மதராஸ் ராஜகோபாலன் ராதாகிருஷ்ணன். நடிகவேள் என்ற பட்டத்தால் அறியப்பட்டவர். பெரியார் ஈ. வெ. இராமசாமியின் பகுத்தறிவுக் கொள்கைகளை நகைச்சுவை வழியாக மேடையில் பரப்பினார். இவரது நாடகங்கள் பலமுறை தடைகளையும் எதிர்ப்புகளையும் சந்தித்தன.

இளமை

சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தார். படைவீரராக இருந்த தந்தை முதலாம் உலகப் போரில் இறந்தார். சிறு வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறிய ராதா நாடகக் குழுவில் சேர்ந்தார். பள்ளிக் கல்வி பெரிதும் இல்லாத இவருக்கு நாடகக் குழுக்களே பயிற்சிக் களமாயின. 1937 இல் வெளியான ராஜசேகரன் இவரது முதல் திரைப்படம். அதன்பின் சில படங்களில் நடித்துவிட்டு மீண்டும் நாடகத்திற்கே திரும்பினார்.

நாடகங்கள்

இழந்த காதல், விமலா அல்லது விதவையின் கண்ணீர், லட்சுமிகாந்தன், தூக்குமேடை, இரத்தக்கண்ணீர் ஆகியவை இவர் நடத்திய நாடகங்களுள் முக்கியமானவை. தூக்குமேடையை எழுதிய மு. கருணாநிதிக்குக் கலைஞர் என்ற பட்டத்தை வழங்கியவர் ராதாவே. நடிகவேள் என்ற பட்டத்தை இவருக்கு அளித்தவர் பட்டுக்கோட்டை அழகிரி.

எழுதப்பட்ட வசனத்தோடு ராதா நின்றுவிடுவதில்லை. அன்றைய நாளிதழ்ச் செய்திகளையும் உள்ளூர் நிகழ்வுகளையும் மேடையிலேயே கேலி செய்வார். இதனால் ஒரே நாடகம் ஊருக்கு ஊர் மாறுபட்டது. முன்கூட்டியே எழுத்துப்படியைப் பார்த்து அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு இது சிக்கலாக இருந்தது.

தடைச் சட்டம்

இராமாயணத்தை விமர்சித்து இவர் நடத்திய நாடகம் கடும் எதிர்ப்பைப் பெற்றது. மனம் புண்படுமென்று கருதுவோர் நாடகத்திற்கு வரவேண்டாம் என்று ராதா விளம்பரத்திலேயே அறிவித்தார். அந்த அறிவிப்பு கூட்டத்தை மேலும் பெருக்கியது. 1954 இல் சென்னை மாநில அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. இச்சட்டம் ராதாவை மனத்திற்கொண்டே இயற்றப்பட்டதாகப் பரவலாகக் கருதப்படுகிறது. இவர் இறந்து 33 ஆண்டுகளுக்குப் பின், 2013 இல், நாடகக் கலைஞர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை எனத் தீர்ப்பளித்தது.

திரைப்படங்கள்

திருவாரூர் கே. தங்கராசு எழுதிய இரத்தக்கண்ணீர் நாடகம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் 1954 இல் திரைப்படமாக வெளிவந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய செல்வந்தன் ஒருவன் தொழுநோயால் அனைத்தையும் இழப்பதே இதன் கதை. செருக்கோடு பேசிய அதே மனிதன் பிச்சையெடுக்கும் நிலையிலும் சமூகத்தைக் கேலி செய்வது இப்படத்தின் சிறப்பு. பாகப்பிரிவினை (1959), பாவ மன்னிப்பு (1961), பலே பாண்டியா (1962), புதிய பறவை (1964) முதலியவை இவரது பிற புகழ்பெற்ற படங்கள். ஒரே வசனத்திற்குள் கரகரத்த குரலையும் மெல்லிய குரலையும் மாற்றிப் பேசுவது இவரது தனிப்பாணி.

துப்பாக்கிச் சூட்டு வழக்கு

1967 சனவரி 12 அன்று எம். ஜி. ஆரின் இராமாவரம் இல்லத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் எம். ஜி. ஆர், ராதா இருவரும் காயமடைந்தனர். எம். ஜி. ஆரின் குரல் இதனால் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. கழுத்தில் கட்டுடன் அவர் இருக்கும் படம் அடுத்த மாதம் நடந்த தேர்தலில் தி. மு. க. வின் பரப்புரையில் பெரிதும் பயன்பட்டது. வழக்கில் ராதா குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டது. செங்கல்பட்டு நீதிமன்றம் விதித்த 7 ஆண்டுச் சிறைத்தண்டனை மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. 1971 இல் விடுதலையானார்.

இறுதிக்காலம்

விடுதலைக்குப் பின் சில படங்களில் மட்டுமே நடித்தார். இவர் சொல்லக் கேட்டு எழுத்தாளர் விந்தன் எழுதிய சிறைச்சாலைச் சிந்தனைகள் நூலாக வெளிவந்தது. 1979 செப்டம்பர் 17 அன்று, பெரியாரின் பிறந்தநாளில், திருச்சிராப்பள்ளியில் காலமானார். நடிகர்கள் எம். ஆர். ஆர். வாசு, ராதாரவி, நடிகைகள் ராதிகா, நிரோஷா ஆகியோர் இவரது மக்கள்.

ராதாவின் மேடை நாடகங்கள் ஒளிப்பதிவாகக் கிடைக்கவில்லை. நாளுக்கு நாள் மாறிய அந்த வசனங்களும் பார்த்தவர்களோடு மறைந்தன. இரத்தக்கண்ணீர் திரைப்படமும், பல குரல் கலைஞர்கள் தொலைக்காட்சியில் இன்றும் பின்பற்றும் குரலுமே அம்மேடையை நினைவூட்டுகின்றன.